கூட யாராவது வந்திருக்கிறார்களா?

மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும், அவற்றுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும்,

வணக்கம்.

மொழி தெரியாத நோயாளி ஒருவர் உங்கள் கவுன்ட்டரில் வந்து நின்றதும், அங்கே இருப்பவர் அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்: "கூட யாராவது வந்திருக்கிறார்களா?" கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. வரிசை நீளமாக இருக்கிறது, வேலை ஓட வேண்டும். மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோ முன்னால் வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அந்தக் கேள்வியைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த 'யாராவது' நான்தான். அப்போது எனக்கு 12 வயது.

அம்மாவுக்கு மாதக்கணக்கில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். டாக்டர் நல்லவர், பொறுமையானவர். நான் பேசுவதைக் கேட்டுவிட்டு "கெட்டிக்காரப் பெண்" என்றார். எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்டார். அதை அம்மாவிடம் அப்படியே கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. "நிறைய போகுதாம்மா?" என்று மட்டும் கேட்டேன். அம்மா தலையசைத்தார். அடுத்து, இதுவரை எத்தனை முறை கருவுற்றார், கரு கலைந்தது உண்டா என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் சுவரைப் பார்த்தார். "இல்லைன்னு சொல்லு" என்றார். சொன்னேன்.

பிறகு டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கட்டி என்றது புரிந்தது. அதற்குப் பின்னால் நீளமான ஒரு சொல் வந்தது, நான் பள்ளியில் கேட்டே இராத சொல். கர்ப்பப்பையையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சைக்கு அதுதான் பெயர் என்று எனக்குத் தெரியாது. திருப்பிக் கேட்டிருக்கலாம். கெட்டிக்காரப் பெண் என்று சொன்னவரிடம் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா பக்கம் திரும்பி, "வயித்துல கட்டி இருக்காம்மா, ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவாங்களாம், அப்புறம் சரியாயிடுமாம்" என்றேன். அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள் என்பது, தையல் பிரிக்கப் போன அன்றுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கும் மொழிபெயர்த்தது நான்தான்.

அந்தக் கோப்பு எங்காவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு குறையும் தெரியாது. டாக்டர் முழுதாக விளக்கினார். படிவத்தில் எல்லாம் அச்சாகியிருந்தது. நோயாளியின் கையெழுத்தும் இருந்தது. அறுவை சிகிச்சை பற்றி யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் என் அம்மா சம்மதம் கொடுத்தது வேறு ஓர் அறுவை சிகிச்சைக்கு.

பின்னாளில் நான் முறையாகப் படித்து, மருத்துவ மொழிபெயர்ப்பாளராகவே ஆனேன். பயிற்சி வகுப்பில் ஒரு நாள் 2003இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைப் படிக்கச் சொன்னார்கள். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் குழந்தைகளை மருத்துவரிடம் காட்டிய 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, வரிவரியாகச் சரிபார்த்திருந்தார்கள். ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். அவற்றில் 63 சதவீதம், சிகிச்சையையே பாதிக்கக்கூடியவை. மருந்து ஒவ்வாமை உண்டா என்ற கேள்வியே ஓரிடத்தில் தாய்க்குப் போய்ச் சேரவில்லை. முகத்தில் உள்ள தடிப்புக்கு மட்டும் தடவச் சொன்ன களிம்பை உடம்பு முழுக்கத் தடவச் சொல்லியிருந்தார்கள். வாய்வழி கொடுக்க வேண்டிய அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை, காதில் தொற்று என்பதால் இரண்டு காதிலும் விடச் சொல்லியிருந்தார் ஒருவர். பிழைகளில் ஏறத்தாழப் பாதி ஒரே வகை: விட்டுவிடுவது. தெரியாத சொல், சொல்லக் கூசும் சொல், முக்கியமில்லை என்று தோன்றும் சொல். படித்து முடித்ததும் அந்த நீளமான சொல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

மருத்துவமனை நியமித்த மொழிபெயர்ப்பாளர்களும் அந்த ஆய்வில் பிழை செய்திருக்கிறார்கள், அதை நான் மறைக்கப்போவதில்லை. அதே துறையில் 2012இல் வந்த இன்னொரு ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. குறைந்தது 100 மணி நேரம் பயிற்சி பெற்றவர்களின் பிழைகளில் 2 சதவீதம்தான் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை; அதைவிடக் குறைவாகப் பயிற்சி பெற்றவர்களிடம் அது 12 சதவீதம். எத்தனை வருட அனுபவம் என்பது பிழைகளைக் குறைக்கவில்லை. எத்தனை மணி நேரம் உட்கார்ந்து படித்தார் என்பதுதான் குறைத்தது. ஆகவே "எங்கள் ஊழியர் ஒருவருக்கு அந்த மொழி தெரியும், பல வருஷமாக அவரைத்தான் கூப்பிடுகிறோம்" என்று நீங்கள் சொல்லும்போது எனக்குக் கவலைதான் வருகிறது. சுத்தம் செய்துகொண்டிருப்பவரைக் கையோடு அழைத்து வந்து கட்டிலருகே நிறுத்துவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அவருக்கும் அது பாரம்தான். சொல்லக் கூடாத செய்தியைச் சொல்லிவிட்டு, மறுபடி போய்த் துடைப்பத்தை எடுக்க வேண்டும்.

இரண்டு மொழி தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. என் சொந்த மொழியிலிருந்தே காட்டுகிறேன்.

தமிழில் தலை சுற்றினாலும் மயக்கம்தான், நினைவிழந்து விழுந்தாலும் மயக்கம்தான். பசியில் கண் இருட்டினால் மயக்கம். போதையும் மயக்கம். ஆபரேஷனுக்கு முன் கொடுப்பது மயக்க மருந்து. "நேத்து மயக்கமா வந்துச்சு" என்று ஒருவர் சொன்னால், டாக்டருக்கு அது நாலைந்து வெவ்வேறு பாதைகள். மொழி மட்டும் தெரிந்தவர் தனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பயிற்சி பெற்றவர் அங்கே நிறுத்துவார். "இந்தச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு, எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளலாமா?" என்று டாக்டரிடம் அனுமதி வாங்கிக் கேட்பார். அரை நிமிஷ வேலை அது.

அந்த அரை நிமிஷம் இல்லாமல் போனதால் ஒரு வாழ்க்கையே போனது. 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை நினைவிழந்த நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் ஸ்பானியச் சொல் ஒன்றைச் சொன்னார்கள்: 'இன்டாக்ஸிகாடோ'. சாப்பிட்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் விஷமாகிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். ஆங்கிலத்தில் அதே மாதிரி ஒலிக்கும் சொல்லுக்குப் போதை என்று பொருள். போதைப்பொருளை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டவராகவே அவருக்குச் சிகிச்சை நடந்தது. உண்மையில் அவருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு. கண்டுபிடித்தபோது நேரம் கடந்திருந்தது. கை கால் நான்கும் செயலிழந்துபோயின. வழக்கு, அவர் வாழ்நாள் முழுமைக்கும் சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் என்ற இழப்பீட்டில் முடிந்தது. அங்கே யாரும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை. இரு தரப்புமே புரிந்துவிட்டது என்று நினைத்தார்கள். சுத்தமாகப் புரியாமல் போனால் உதவியாவது தேடுவோம். பாதி புரிந்ததுதான் ஆளைக் கொல்கிறது.

வலியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வலி குத்தும், குடையும், இழுக்கும், கடுக்கும், எரியும், பிசையும், விண்விண்ணென்று தெறிக்கும், சுருக்கென்று தைக்கும். "நெஞ்சை அமுக்குது" என்பவரும் "நெஞ்சைக் கரிக்குது" என்பவரும் ஒரே இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். இருவரையும் 'நெஞ்சு வலி' என்று ஒரே சொல்லில் முடித்தால் டாக்டருக்குக் கிடைக்க வேண்டிய தகவல் பாதி வழியிலேயே கொட்டிப்போகிறது. நோயாளி சரியாகத்தான் சொன்னார். அந்தச் சொல்லை அவர் எத்தனை இரவு விழித்துக் கிடந்து கண்டுபிடித்தாரோ.

ஒரே மொழிக்குள்ளும் பள்ளம் உண்டு. இலங்கைத் தமிழர் ஒருவர் "எனக்குக் கனநாளாய் வருத்தம்" என்றால் நீண்ட நாளாக நோய் இருக்கிறது என்று பொருள். தமிழ்நாட்டில் வளர்ந்தவர் காதில் அது மனக்கவலை என்றே விழும். மாத்திரையை அவர் குளிசை என்பார். வாந்தியைச் சத்தி என்பார். இடுப்புப் பக்கம் முதுகு வலித்தால் நாரி நோகுது என்பார். இதெல்லாம் தெரியாதவர் மொழிபெயர்த்தால், வயிற்று நோயோடு வந்தவர் மனநல ஆலோசனைக்கான சீட்டோடு வீடு திரும்பலாம். ஆகவே பதிவேட்டில் 'தமிழ்' என்று எழுதிவிட்டால் வேலை முடியவில்லை. எந்தப் பகுதித் தமிழ் என்றும் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். அரபிக்கும் சீனத்துக்கும் குர்திஷுக்கும் இதே சிக்கல் இருப்பதாகச் சக மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் சொல்கிற வார்த்தைகள் இன்னும் ஆபத்தானவை. "நாளைக்கு ரெண்டு மாத்திரை." ஒரு நாளைக்கு இரண்டா, நாளை மட்டும் இரண்டா? பேசும் தொனியில் எங்களுக்குப் புரிந்துவிடும், புதிதாக மொழி கற்றவர் எழுதிக் கொடுத்தால் புரியாது. பரிசோதனை முடிவு 'நெகட்டிவ்' என்றதும் கண் கலங்கிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். கெட்ட செய்தி என்று நினைத்துவிட்டார். நோய் இல்லை என்றுதான் அதற்குப் பொருள் என்று நான் சொன்ன பிறகும் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

சரி, குழந்தைகள் வேண்டாம், வளர்ந்த மகனோ மகளோ இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அன்பு இருக்கிறதே, அதுதான் சிக்கல். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லி முடித்ததும் மகன் அப்பாவிடம், "கொஞ்சம் பெரிய புண்ணாம்ப்பா, மருந்து குடுப்பாங்களாம்" என்கிறார். அந்த இடத்தில் நான் மகனாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மிச்சமிருக்கும் காலத்தை எப்படிக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர் அப்பா. அவருக்கு விஷயமே தெரியாது. இன்னொரு பக்கம், கணவர் மொழிபெயர்க்கிறார் என்று வையுங்கள். "வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா?" என்று நர்ஸ் கேட்கிறார். அந்தக் கேள்வி யாரைத் தாண்டிப் போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். உறவினர் அறையில் இருக்கட்டும், கையைப் பிடித்துக்கொள்ளட்டும், அழட்டும். மொழிபெயர்க்கிற வேலையை மட்டும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

கைபேசிச் செயலி பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமா, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்க அது உதவும், உதவட்டும். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அறிவுரைகளை கூகுள் மொழிபெயர்ப்பில் ஏழு மொழிகளுக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஸ்பானியத்தில் 94 சதவீதம் பொருள் மாறாமல் வந்தது. ஆர்மீனியத்தில் 55 சதவீதம்தான். அந்த ஏழில் தமிழ் இல்லை. கருவிகள் அன்றைக்கு இருந்ததைவிட இன்று தேறியிருக்கின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் செயலி தவறாகச் சொல்லும்போது நோயாளிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சம்மதப் படிவம், மருந்தின் அளவு, கெட்ட செய்தி ஆகிய மூன்றையும், இரு மொழியும் அறிந்த ஒரு மனிதர் சரிபார்க்காமல் செயலியிடம் விடவே கூடாது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியா 1973லேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அது நடக்கிறது. நாள் முழுக்க, நள்ளிரவிலும், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில். நாடு முழுக்க ஒரே எண், 131 450. எல்லா மருத்துவமனைகளும் எல்லா மொழிக்கும் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டாம். பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பொதுச் சேவையை வைத்துக்கொள்ளலாம். செலவு கணக்கில் தெரிகிறது, உண்மைதான். மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் ஆகும் செலவு வேறு தலைப்புகளில் ஒளிந்துகொள்கிறது: திரும்ப எடுத்த ஸ்கேன், பட்டினியோடு வரச் சொன்னது புரியாமல் சாப்பிட்டுவிட்டு வந்ததால் தள்ளிப்போன அறுவை சிகிச்சை, தவறாகப் போட்ட மருந்தால் மறுபடி படுக்கையில் சேர்ந்தவர். இவற்றையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

சட்டத்துக்காக மட்டும் செய்யாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2010இல் வந்த சுகாதாரச் சட்டத்தின் 1557ஆம் பிரிவின் விதிகள், அவசரம் தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்க்க வைப்பதைத் தடுக்கின்றன. எனக்கு அது பெரிய ஆறுதல். அதே நாட்டில், அரசு சேவைகளை மக்களின் மொழியில் கிடைக்கச் செய்ய 2000இல் வந்த அதிபர் ஆணை 2025இல் ரத்தாகிவிட்டது. ஆணை வரும், போகும். நோயாளியின் நாக்கில் இருக்கும் மொழி அதற்கேற்ப மாறாது.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பெயரும் வயதும் கேட்கிற அதே இடத்தில், எந்த மொழியில் பேச விருப்பம் என்று கேளுங்கள். காது கேளாதவர்களுக்குச் சைகை மொழியும் மொழிதான்; எழுதிக் காட்டினால் போதும் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள், ஆனால் காது கேளாத பலருக்கு எழுத்து மொழி இரண்டாவது மொழி. பதிலைக் கோப்பின் முதல் பக்கத்தில், ரத்த வகையும் ஒவ்வாமையும் இருக்கும் இடத்தில் எழுதுங்கள். அப்போதுதான் அடுத்த சந்திப்பு குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளரையும் குறிக்க முடியும். மருந்துச் சீட்டு மாதிரிச் சின்ன விஷயத்துக்குத் தொலைபேசி போதும். சம்மதம், மனநலம், கெட்ட செய்தி என்றால் ஆள் நேரில் வரட்டும், முடியாவிட்டால் வீடியோவிலாவது முகம் தெரியட்டும். வந்து மொழிபெயர்த்தவர் யார் என்று கோப்பில் எழுதுங்கள்.

உங்கள் டாக்டர்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள். நோயாளியைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள், என்னைப் பார்த்து அல்ல. "அவரிடம் வலி இருக்கிறதா என்று கேளுங்கள்" என்று சொல்ல வேண்டாம், "உங்களுக்கு வலி இருக்கிறதா?" என்று நேராகக் கேட்கட்டும், நானும் அப்படியே சொல்வேன். நோயாளி "நான் பயப்படுகிறேன்" என்றால் நானும் "நான் பயப்படுகிறேன்" என்றுதான் சொல்வேன். அந்த அறையில் என் குரல் எனக்குச் சொந்தமில்லை. முடிவில் "புரிந்ததா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எல்லா மொழியிலும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் இந்த மருந்தை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன், வேறொரு மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப் போனேன். வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். நர்ஸ் மேசை மேல் ஒரு தொலைபேசியை வைத்தார். ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல், நல்ல தெளிவான தமிழ். "வணக்கம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். இங்கே பேசுவதை நான் வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன்." அம்மா அந்தக் கருவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் வெளியில இரு" என்றார்.

வெளியே உட்கார்ந்தேன். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. வந்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார். அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு 'இல்லை' என்று சொல்லச் சொன்னாரே, அதையும் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ மொழிபெயர்ப்பாளர்